துண்டுக்குள் போட்ட மார்க்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் சொந்த நாக்கின் மேலேயே நம்பிக்கை கிடையாது. இட்லி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் வாயில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனைத் தடவுகிறான். பெண் கொடுக்கிறவன் ஊருக்குள் நாலு பேரிடம் விசாரிப்பதில்லை. மாப்பிள்ளை போட்டோவுக்கு எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறான். மழை வருமா என்று கேட்டால் மேலே பார்க்க வேண்டியவன் கீழே பார்க்கிறான். கழுத்து நிமிரவே நிமிராத ஒரு கூட்டம் நம் கண் முன்னால் உருவாகிவிட்டது. பெரியண்ணன் இதை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்கிறவனும் "ஆமாங்க, நெசந்தானுங்க" என்பான், போனைப் பார்த்துக்கொண்டே.

பெரியண்ணன் மாட்டுத் தரகர். எழுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துப் பின்பக்கமாக வெளியே போனவர், இன்னும் திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் படித்ததெல்லாம் காரிமங்கலம் சந்தையில். அங்கே முதல் பாடம், எதிரில் நிற்கிறவன் பொய் சொல்கிறான் என்பது. இரண்டாம் பாடம், மாடும் பொய் சொல்லும் என்பது. கறக்காமல் மடியை ஊதவிட்டு ஓட்டி வருவது, உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவது, கொம்பைச் சீவி எண்ணெய் தடவி இரண்டு வயதைக் குறைப்பது, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்ன, அத்தனையும் அவர் கையால் செய்தவை. தான் செய்ததை அடுத்தவன் செய்யமாட்டான் என்று நம்புவதற்கு அவர் ஒன்றும் பைத்தியம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏரியூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கலைமணியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்திருந்தார். நிலத்துக்கு ஏதோ விவசாயி நம்பர் வாங்க வேண்டுமாம். நிலம் அவருடையது, விவசாயம் செய்வது அவர், அதற்கு எதற்கு நம்பர் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாங்காதவனுக்கு ஒன்றும் வராது என்று மருமகள் பயமுறுத்தி அனுப்பியிருந்தாள்.

"சர்வர் வரலைங்க தாத்தா. செத்த நேரம் உக்காருங்க," என்றாள் கலைமணி.

"எங்க போயிருக்குது?"

"தெரியலைங்க."

"எப்ப வருவன்னு சொல்லிட்டுப் போகலையா?"

"அதெல்லாம் சொல்லாதுங்க தாத்தா."

"நம்மூர்ல களை எடுக்க வர்ற ஆளு மாதிரியே இருக்குது," என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

கலைமணி பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை மேனேஜரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவள். இரண்டு அறை எடுத்திருந்தாள். முன்னறையில் சர்டிபிகேட், பட்டா, பரீட்சை ரிசல்ட். பின்னறையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, ஒரு விளையாட்டு மிஷின், பழைய கார் சீட்டு இரண்டு. உள்ளூர்ப் பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அந்த சீட்டில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டை டிவிக்குள் நடக்கும். அன்றைக்கு டிவிக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

"ஒம்போது புள்ளி ஒண்ணு. உலகம் பூரா எண்பது பேரு ஆடிப் பாத்துட்டுப் போட்ட மார்க்கு. மரியாதையா மீசையை எடுடா," என்றது ஒரு குரல்.

"யாருடா அந்த எண்பது பேரு? ரிலீசுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கம்பெனிக்காரன் ஓசியில அனுப்பி வெச்ச ஆளுங்க. இந்தா பாரு, காசு போட்டு வாங்குன ஜனம் குடுத்த மார்க்கு. நாலு புள்ளி ஆறு. நீ எடுடா மீசையை," என்றது இன்னொரு குரல்.

மீசை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பெரியண்ணன் எழுந்து போய்க் கதவோரம் நின்றார். மார்க்கு என்றால் அவருக்கு ஒன்றுமில்லை. மீசை என்றால் விஷயம் வேறு.

முதல் குரல் குருவுடையது. சொட்டுநீர்ப் பைப்புக் கடையில் வேலை. இரண்டாவது ராஜா, அப்பாவின் டெம்போவில் பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே தட்டு, ஒரே அடி.

கலைமணிதான் சமாச்சாரத்தைச் சொன்னாள். புதிதாக ஒரு சண்டை ஆட்டம் வந்திருக்கிறது. இங்கிலீஷில் நாலு வார்த்தைப் பேர். பெரியண்ணன் வாயில் அது நுழையவில்லை, காளை ஆட்டம் என்றே கடைசிவரை சொன்னார். அது வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பக்கத்துக் கோவிந்தன் சலூனில் உட்கார்ந்து இரண்டு பேரும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கும் என்றான் குரு. வாங்காது என்றான் ராஜா. தோற்றவன் கோவிந்தன் கையால் மீசையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யார் போடும் மார்க் என்று பேசிக்கொள்ள மறந்துவிட்டார்கள். இப்போது பத்திரிகைக்காரர்கள் ஒன்பதுக்கு மேல் போட்டுவிட்டார்கள், ஜனங்கள் நாலரையில் நிறுத்திவிட்டார்கள்.

"இதுல என்னா கொடுமைன்னா தாத்தா," என்றாள் கலைமணி குரலைத் தாழ்த்தி, "வர்ற ஞாயித்துக்கெழமை பொம்மிடியில குருவுக்கு நிச்சயம். பொண்ணு பேரு ரேவதி. மீசையோட பாத்துட்டுத்தான் சரின்னிருக்காங்க."

பெரியண்ணன் குருவின் முகத்தைப் பார்த்தார். பல் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தில் தாடையையும் பார்த்தார். வேலைப்பாடு எல்லாம் அந்த மீசையில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு பள்ளிக்கூடப் பையன். நாலு வருடம் முன்பு குலசாமிக்கு மொட்டை போட்டு மீசையும் எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது கண்டக்டர் அவனுக்கு அரை டிக்கெட் கிழித்த கதை ஏரியூரில் எல்லாருக்கும் தெரியும். அந்த முகத்தோடு போய்ப் பெண் வீட்டார் முன்னால் நின்றால், மாப்பிள்ளை எங்கே, தம்பி மட்டும் வந்திருக்கிறாரே என்றுதான் கேட்பார்கள்.

"வெளையாடறவனுக்குத்தான மார்க்கு போடுவாங்க. வெளையாட்டுக்கு எதுக்குடா மார்க்கு?" என்று கேட்டார் பெரியண்ணன்.

"வாங்கலாமா வேணாமான்னு தெரியணும்ல தாத்தா," என்றான் குரு.

"ஆடிப் பாத்தா தெரியாதா?"

"வாங்கினாத்தான ஆட முடியும்?"

"அப்ப அந்த எண்பது பேரு?"

"அவங்களுக்குச் சும்மாவே குடுத்துருவாங்க."

"சும்மா குடுத்தா நல்லா இருக்குதுன்னுதான்டா சொல்லுவான். சந்தைக்கு மொத நாளு வூட்டுக்கே கூப்புட்டு, கறி ஆக்கிப் போட்டு, கொம்புக்கு எண்ண தடவுன மாட்டைக் காட்டினா, எவன் கொறை சொல்லுவான்? நானே எத்தன பேத்துக்கு ஆக்கிப் போட்டிருக்கறன்."

ராஜா தொடையில் தட்டினான். "அப்படிச் சொல்லுங்க தாத்தா. ஜனம் போட்டதுதான் மார்க்கு."

"இருப்பா. அந்த ஜனம் யாரு?"

கலைமணி போனில் பார்த்து வாசித்தாள். "இங்க ஒருத்தரு பூஜ்யம் போட்டிருக்காரு. டப்பா நசுங்கி வந்துச்சாம். இன்னொருத்தருக்கு கதாநாயகன் முடி புடிக்கலையாம், அவரும் பூஜ்யம். இவரு பத்து போட்டிருக்காரு. இன்னும் வாங்கலை, ஆனா நல்லா இருக்கும்னு மனசுக்குப் படுதுன்னு எழுதியிருக்காரு."

பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஓசியில தின்னவன் சொல்றதும் நம்ப முடியாது. திங்காதவன் சொல்றதும் நம்ப முடியாது. இதுக்கு நடுவுல ரெண்டு மடையனுங்க மீசையைக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்க."

"அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க தாத்தா. நீங்க எந்தப் பக்கமும் சேராத ஆளு," என்றான் குரு.

அவர் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் டிவியில் ஒரு காளை வந்து நின்றது.

இடிந்த கோட்டை வாசல். மலை போல ஒரு காளை. கருமயிலை நிறம், முன்னால் தள்ளின நெற்றி, பின்னால் சாய்ந்து ஏறுகிற நீளக் கொம்பு. ஆலம்பாடிக் காளையின் கொம்பை அப்படியே வைத்திருந்தான் எவனோ. "இதை வரைஞ்சவன் ஒரு தடவையாச்சும் தொழுவத்துல நின்னிருக்கறான்," என்று முனகிவிட்டு, ராஜாவை நகரச் சொல்லி அந்தக் கார் சீட்டில் உட்கார்ந்தார்.

குரு கையில் வைத்திருந்த கருவியைப் பெருவிரலால் அமுக்கி அமுக்கி ஒரு வாள்காரனை ஓட்டினான். காளை முட்டியது. வாள்காரன் செத்தான். மறுபடி எழுந்தான். மறுபடி செத்தான்.

"எத்தன தடவை சாவான்?"

"நேத்திலிருந்து முப்பத்தோரு தடவை ஆச்சுங்க தாத்தா."

"டேய், முட்டறதுக்கு முன்னாடி எடது தோளை எறக்குது பாரு. எறக்குன பக்கந்தான் திரும்பும். நீ வலது பக்கம் ஒதுங்கு. ஐம்பது வருசமாப் பாத்துட்டு இருக்கறன், எந்த மாடும் இதை மாத்தாது."

குரு பயபக்தியோடு வலது பக்கம் ஒதுங்கினான். காளை முன்னங்காலை ஊன்றாமலேயே பம்பரம் போல வலது பக்கம் சுற்றி, வாள்காரனைக் கோட்டைச் சுவரோடு வைத்துத் தேய்த்தது.

பின்னறை முழுவதும் சிரிப்பு. கலைமணி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முப்பத்திரெண்டு," என்றான் ராஜா.

"எந்த ஊரு மாடுடா காலை ஊனாம திரும்பும்?" பெரியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கொம்பைச் சரியா வெச்சுட்டுக் காலை ஏமாத்தியிருக்கறான். இதுக்கு நான் மார்க்கு போட மாட்டன். நெத்தியைப் பாத்தா வாங்கலாம்னு தோணுது, நடையைப் பாத்தா ஓட்டிட்டுப் போடான்னு தோணுது."

"அப்ப எங்க பந்தயம்?" என்றான் ராஜா.

"தீர்ப்பு சொல்றதுக்கு நான் என்னா நாட்டாமையா? நான் தரகன். பேரம் படிய வெக்கறதுதான் என் வேலை." சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

சந்தையில் பெரிய மாட்டுக்கு வாயால் விலை பேச மாட்டார்கள். தரகர் தன் கை மேல் துண்டைப் போடுவார். விற்கிறவன் துண்டுக்குள் கை விட்டுத் தன் மனசில் இருக்கிற விலையைத் தரகரின் விரலைப் பிடித்துச் சொல்வான். ஒரு விரல் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. விட்டு மறுபடி இரண்டு விரல் பிடித்தால் ஏழு. அப்புறம் வாங்குகிறவனும் அதே போலச் சொல்வான். தரகர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் இரண்டையும் நெருக்கிக் கொண்டுவருவார். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் பிடித்த நம்பரைத் தரகர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னவன் மறுநாள் சந்தையில் கால் வைக்க முடியாது.

இந்த முறையில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நாலு பேர் கேட்க வாயால் சொல்லும்போது மனிதன் வீறாப்புக்காகச் சொல்கிறான். இருட்டில் இன்னொரு மனிதனின் விரலைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது அவ்வளவு சுலபமாகப் பொய் வராது. ஏன் வராது என்று பெரியண்ணனுக்குத் தெரியாது. வராது, அவ்வளவுதான்.

"பத்திரிகைக்காரனும் வேணாம், ஊர் ஜனமும் வேணாம். நீங்க ரெண்டு பேரும் ஆடியிருக்கறீங்க. உங்க மனசுல இருக்கற மார்க்கை என் கையில சொல்லுங்க. நான் நடுவுல படிய வெக்கறன். படிஞ்ச மார்க்கு ஒம்போதைத் தொட்டுச்சுன்னா ராஜா மீசை போவும். தொடலைன்னா குரு மீசை போவும். நம்பரு என்னான்னு எவனும் கேக்கக்கூடாது. சரிதானா?"

"நான் ஒரு மணி நேரந்தான் ஆடியிருக்கறன், அதுவும் இங்கதான். எனக்கு அதுவே போதும். ரெண்டு மார்க்குக்கு மேல ஒரு பைசா ஏற மாட்டன்," என்றான் ராஜா சத்தமாக.

"பத்துக்குக் கீழ ஒரு மயிரு எறங்க மாட்டன்," என்றான் குரு. பிறகு மீசையைத் தடவிக்கொண்டான்.

பெரியண்ணன் துண்டைப் போட்டுக்கொண்டு முதலில் குருவிடம் போனார். குருவின் கை உள்ளே வந்தது. வேர்த்திருந்தது. ஐந்து விரலையும் பிடித்தான். விட்டான். மறுபடி ஐந்தையும் பிடிக்க வந்த கை நடுவில் தயங்கியது. இரண்டு விரலை மட்டும் பிடித்தது.

ஏழு.

பெரியண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். குரு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு தடவை செத்தவன் மனசு அந்த இரண்டு விரலில் இருந்தது. மீசை போனாலும் போகட்டும் என்று பிடித்திருக்கிறான். பையன் தேவலை என்று அவர் நினைத்தார். ரொம்ப நாளாக அவர் யாரைப் பற்றியும் அப்படி நினைத்ததில்லை.

அடுத்து ராஜா. அவன் கை உள்ளே வந்ததும் பெரியண்ணனின் விரல் தானாகவே அவன் பெருவிரலைத் தடவிப் பார்த்தது. அது தொழில் பழக்கம். ஏர் பூட்டாத காளை என்று சொல்லி விற்க வந்தவனின் காளைக்குக் கழுத்தில் காய்ப்பு இருந்தால் கை சொல்லிவிடும். ராஜாவின் பெருவிரல் நுனியில் புதுக் கொப்புளம். குருவுக்கும் அதே இடத்தில் அதே கொப்புளம் இருந்தது. ஒரு மணி நேரம் ஆடியதில் வருகிற கொப்புளம் இல்லை அது.

ராஜா ஐந்து விரலைப் பிடித்தான். விட்டான். மூன்று விரலைப் பிடித்தான்.

எட்டு.

பெரியண்ணன் ஐம்பது வருடத்தில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறார். விற்கிறவன் கேட்பதை விட வாங்குகிறவன் கூடக் கொடுக்கிற பேரத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார். இப்படி ஒரு பேரம் சந்தையில் கிடைத்திருந்தால் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை மடியில் கட்டிக்கொண்டு வீடு போயிருக்கலாம். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு ஏறி வந்தது. இருமுவது போல நடித்து அதை விழுங்கினார். சந்தேகத்துக்கு மறுபடியும் ஒரு முறை இரண்டு பேரிடமும் போனார். அதே ஏழு. அதே எட்டு.

"படிஞ்சுது," என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "ஒம்போதைத் தொடலை."

ராஜா கையைத் தூக்கிக் கத்துவான் என்று கலைமணி எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. காலடியில் எதையோ தேடுகிறவன் போலத் தரையைப் பார்த்தான். குரு மட்டும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வாங்க, போலாம்," என்றான்.

எல்லாரும் பக்கத்துச் சலூனுக்குப் போனார்கள். கலைமணி சென்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள். சர்வர்தான் இல்லையே, எதைத் திருடப் போகிறார்கள். கோவிந்தன் விஷயம் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயது. குருவுக்கு முதல் முதலாக மீசை ஒதுக்கிவிட்டவர் அவர்தான்.

"நிச்சயத்தை வெச்சுக்கிட்டு இது என்னா வெளையாட்டுடா? உங்கம்மா என் கையைத்தான் ஒடிப்பாங்க."

"பந்தயம் பந்தயந்தானுங்க, கோவிந்தண்ணா. எடுங்க," என்று குரு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"பொம்மிடிக்காரங்க கேட்டா என்னா சொல்லுவ?"

"காளை முட்டிருச்சுன்னு சொல்றன்."

கோவிந்தன் மனசில்லாமல் சோப்பைக் குழைத்தார். உதட்டுக்கு மேலே நுரை ஏறியது. கருப்பாக இருந்த இடம் வெள்ளையாகிவிட்டதும் குருவுக்குப் பத்து வயது குறைந்தது. சுவரோடு ஒட்டி நின்ற ராஜா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். கண்ணாடியில் குருவைப் பார்த்தான், வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

பெரியண்ணன் எட்டு என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராஜாவின் பொய் வெளுத்துவிடும். ஆனால் துண்டுக்குள் இருந்த நம்பர் அது. போலீஸ்காரன் கேட்டும் சொல்லாதவர் அவர். பெண்டாட்டி சாப்பாடு போடாமல் இரண்டு நாள் கேட்டும் சொல்லாதவர். ஒரு மீசைக்காகச் சொல்லிவிடுவதா? கோவிந்தன் கத்தியில் புது பிளேடு மாட்டினார். பெரியண்ணன் யோசித்தார். நம்பரைத்தான் சொல்லக் கூடாது. கொப்புளத்தைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சந்தையிலும் சட்டம் இல்லை.

"ஏன்டா ராஜா," என்றார். "உன் கட்டவெரலு எப்படிப் பொத்துப்போச்சு?"

ராஜா கையைப் பின்னால் மறைத்தான். அந்த மறைப்பே போதுமாக இருந்தது. கலைமணி பாய்ந்து அவன் கையை இழுத்துப் பார்த்தாள்.

"அடப்பாவி. குருவுக்கு இருக்கற மாதிரியே இருக்குது. நீ இங்க ஒரு மணி நேரந்தானடா ஆடுன?"

"டெம்போவுல ஸ்டீயரிங்கு..."

"ஸ்டீயரிங்கை எவன்டா கட்டவெரல் நுனியில ஓட்டுவான்?" என்றார் கோவிந்தன், கத்தியைக் காற்றில் நிறுத்தியபடி.

ராஜா கழுத்தைச் சொறிந்தான். பிறகு மடை திறந்தது. "வாங்கிட்டங்க்கா. வந்த அன்னைக்கே வாங்கிட்டன். மாமா பையனுடைய மிஷினை இரவல் வாங்கியாந்து வூட்ல வெச்சு மூணு நாளா ஆடறன். தக்காளி லோடுக்கே ஒரு நாளு போகலை. அந்தக் காளையைக்கூட நேத்து சாய்ச்சுட்டன். பந்தயத்துல தோக்கக்கூடாதுன்னுதான் ரெண்டு ரெண்டுன்னு கத்துனன். துண்டுக்குள்ள கை வெச்சா தாத்தா வெரலு என்னவோ பண்ணுச்சு. எட்டு குடுத்துட்டன்."

நாற்காலியிலிருந்து குரு எழுந்து உட்கார்ந்தான். நுரையோடு திரும்பினான்.

"நீ எட்டா?"

"ஆமாம்."

"நான் ஏழுதான்டா குடுத்தன்."

கலைமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் விழுந்தாள். கோவிந்தன் கத்தியை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கையில் வைத்துக்கொண்டு சிரித்தால் ஆபத்து என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா. குருவின் நுரை சிரிப்பில் சட்டை மேல் சிதறியது. மூன்று நாளாக இது மோசம் என்று கத்தியவன் எட்டு, இது தங்கம் என்று கத்தியவன் ஏழு.

"காளையைச் சாய்ச்சியா? எப்படிடா?" என்றான் குரு. அவனுக்கு மீசையே மறந்துவிட்டது.

"எடது பக்கம் ஒதுங்கணும். தாத்தா சொன்னதுக்கு நேர் எதிரா."

பெரியண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, நுரை காயுது. யாரு மீசையை எடுக்கறது?" என்றார் கோவிந்தன்.

"ஒம்போது வரலைல்ல. என்னுதுதான்," என்றான் குரு.

"எந்திரிடா மேல," என்று ராஜா அவன் கையைப் பிடித்து இழுத்தான். "பொய் சொன்னவன் நான். உன் மூஞ்சிக்கு மீசை இல்லைன்னா ரேவதி வூட்ல சத்துமாவு குடுத்து அனுப்புவாங்க. எந்திரி."

"வேணாம்டா."

"எந்திரிங்கறன்ல."

இரண்டு பேரும் ஒரு நாற்காலிக்கு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் தக்காளிக் கூடை தூக்குகிற கைதான் ஜெயித்தது. ராஜா உட்கார்ந்தான். கோவிந்தன் அவன் மனசு மாறுவதற்குள் நாலே இழுப்பில் வேலையை முடித்துவிட்டார். குருவின் உதட்டிலிருந்த நுரையைத் துண்டால் துடைத்தபோது உள்ளே மீசை முழுசாக இருந்தது, இன்னும் கொஞ்சம் பளபளப்பாக.

ராஜா கண்ணாடியைப் பார்த்தான். உரித்த பனங்கிழங்கு போல இருந்தான். மூக்குக்குக் கீழே இவ்வளவு இடம் இருப்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழமை நீதான்டா என் பக்கத்துல நிக்கணும். போட்டோவுல மாப்பிள்ளை யாருன்னு இனிமே எவனுக்கும் சந்தேகம் வராது," என்று குரு அவன் தோளில் கையைப் போட்டான்.

"என் மீசையால உனக்கு மரியாதை. ஞாபகம் வெச்சுக்கோ."

கலைமணி எல்லாருக்கும் டீ சொன்னாள். டீ வருவதற்குள் அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது. ஏழா எட்டா. காளையின் கால் அசைவுக்காக ஒரு மார்க் குறைத்தது நியாயம் என்றான் குரு. சண்டை வராத இடத்தில் அந்த மலையும் ஆறும் இருக்கிற அழகுக்கு ஒரு மார்க் ஏற்றியது நியாயம் என்றான் ராஜா.

"ரெண்டுக்கும் நடுவுல ஏழரைன்னு வெச்சுக்கலாமா?" என்றாள் கலைமணி.

"ஏழரையா? நிச்சயத்தை வெச்சுக்கிட்டு வாயால சொல்லாத தாயி," என்றார் கோவிந்தன்.

"அப்ப வேற யாராச்சும் என்னா சொல்லியிருக்காங்கன்னு பாக்கலாம். புது ஆட்டமெல்லாம் ஆடிப் பாத்து வீடியோ போடற கேரளாக்காரன் ஒருத்தன் நல்லாச் சொல்லுவான்," என்று ராஜா போனை எடுத்தான். நாலு தலையும் அந்தப் போனுக்கு மேலே குனிந்தன. கோவிந்தன் தலையும்தான்.

பெரியண்ணன் டீயைக் குடித்து முடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

"தாத்தா, இருங்க. இவன் சொல்றதை நீங்களும் கேளுங்க. ரெண்டு பக்கமும் அலசுவான், நம்பலாம்," என்றான் குரு.

"அவனுக்கு யாரு கறி ஆக்கிப் போட்டாங்க?"

"யாரும் போடலைங்க. காசு குடுத்து வாங்கி ஆடறான்."

"நீ பாத்தியா?"

"அவனே சொல்றானுங்க தாத்தா."

"அவனே சொல்றானா," என்றார் பெரியண்ணன். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். சர்வர் வந்துவிட்டது போல இருக்கிறது, கொஞ்சம் நில்லுங்கள் என்று கலைமணி பின்னாலிருந்து கூப்பிட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று திரும்பாமலேயே கையைக் காட்டினார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ரோட்டைக் கடக்கும்போது எதிரில் ஒருவன் கருமயிலைக் கன்று ஒன்றை ஓட்டி வந்தான். பெரியண்ணன் நின்று அது இடது தோளை இறக்குகிறதா என்று பார்த்தார். இறக்கியது. இடது பக்கமே திரும்பியது.

"எவன் வந்து எத்தன மார்க்கு போட்டா என்னா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். "அந்தக் காளை நடை தப்பு."